நீர்க்கடுப்பும் அந்தரங்கச் சுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீர் போகும்போது எரிகிறது என்று வாய்விட்டுச் சொல்ல நம்மில் பலருக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. டாக்டரிடம் போவதற்கு முன்பே மெடிக்கலில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். இல்லையென்றால் குளியலறைக்குள் போய் சோப்புப் போட்டு இன்னும் ஒருமுறை அழுத்தித் தேய்த்துக் கழுவுகிறார்கள். இரண்டுமே பல நேரம் தொல்லையைக் கூட்டத்தான் செய்யும். சிறுநீர்த் தொற்று அழுக்காக இருப்பவர்களுக்கு வரும் நோய் அல்ல. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை அடிப்படையாக வைத்தே எழுதப்பட்டவை. பெரும்பாலும் பெண்களை நினைத்து எழுதியது. ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் தேவையானது பின்னால் வருகிறது.

எரிச்சல் என்றாலே தொற்றுதானா? "வெயில் சூடு, மோர் குடி" என்று அம்மா சொல்கிறார்களே?

அம்மா சொல்வதிலும் உண்மை உண்டு. சித்திரை வெயிலில் நாள் முழுக்க அலைந்துவிட்டுத் தண்ணீரும் சரியாகக் குடிக்காவிட்டால், சிறுநீர் அடர் மஞ்சளாகிக் கடுக்கும். இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து, அடுத்த முறை வெளிர் நிறமாகப் போய், எரிச்சலும் அடங்கிவிட்டால் அது வெறும் நீர்ச்சுருக்குதான்.

தொற்று அப்படி அடங்காது. சிறுநீர் தெளிவாகப் போனாலும் எரியும். இப்போதுதான் போய்விட்டு வந்திருப்பீர்கள், பத்து நிமிடத்தில் மறுபடி முட்டும். போனால் நாலு சொட்டு வரும். போய் முடித்த பிறகும் அடிவயிற்றில் ஒரு கடுகடுப்பு மிச்சம் இருக்கும். சிறுநீர் கலங்கலாக இருக்கலாம், வழக்கமில்லாத வாடை அடிக்கலாம், சிலருக்கு ரத்தமும் கலந்து வரும். ஒரு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை என்றால் சூட்டின் மேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். விலாவில் தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு வரை அலையலையாக இறங்கும் வலி என்றால் சிறுநீரகக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். ரத்தத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

பெண்களுக்கே ஏன் அடிக்கடி வருகிறது?

உடலமைப்புதான் காரணம். சிறுநீர் வெளியே வரும் குழாய் பெண்களுக்குச் சுமார் 4 செ.மீ. நீளம்தான்; ஆண்களுக்கு 20 செ.மீ. அளவுக்கு இருக்கும். அந்தச் சின்னக் குழாயின் வாசலுக்குப் பக்கத்திலேயே ஆசனவாயும் இருக்கிறது. நம் குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை என்ற கிருமி அங்கிருந்து நகர்ந்து சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவதால்தான் பத்தில் எட்டுத் தொற்று வருகிறது. வேறு யாரிடமிருந்தோ ஒட்டிக்கொண்டது இல்லை, உங்கள் உடம்பிலேயே இருந்ததுதான். தாம்பத்தியம், சர்க்கரை நோய், மலச்சிக்கல், கர்ப்பம், மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சி, சிறுநீரை அடக்குவது ஆகியவை அதற்கு வழிவிடுகின்றன. "நீ சுத்தமா இல்ல, அதான்" என்று மாமியாரோ கணவரோ சொன்னால் இந்த 4 செ.மீ. கணக்கைச் சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குப் போனதால்தான் எனக்கு வந்தது என்று நினைக்கிறேன். சரியா?

பெரும்பாலும் இல்லை. கழிப்பறையில் உட்கார்ந்ததால் சிறுநீர்ப்பைக்குள் கிருமி ஏறிவிடாது. அங்கே போகப் பயந்து அடக்கிக்கொண்டதும், போகவேண்டி வந்துவிடுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருந்ததும்தான் கெடுதல். ராத்திரி பஸ்ஸில் சென்னையிலிருந்து நாகர்கோவில் போகும் பெண்களில் எத்தனை பேர் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சிறுநீர் அடிக்கடி வெளியேறும்போது உள்ளே நுழைந்த கிருமியும் அதோடு போய்விடும். மணிக்கணக்கில் தேங்கினால் அங்கேயே பெருகும்.

வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்காரப் பிடிக்காமல் பாதி குனிந்து நின்றபடி போவது பலருக்கு வழக்கம். அப்படி நின்றால் இடுப்புத் தசை தளராது, சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. சீட்டைத் துடைத்துவிட்டு அல்லது மேலே டிஷ்யூ விரித்துவிட்டு நன்றாக உட்கார்ந்தே போங்கள். இந்தியன் டாய்லெட் இருந்தால் இன்னும் வசதி.

இதைத் தனிமனிதப் பழக்கம் என்று மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. துணிக்கடையில் காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்கும் பெண், மாடி விட்டு மாடி போய், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் அவர் தண்ணீர் குடிக்கவே மாட்டார். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் ஒன்று சேர்ந்தது கழிப்பறை கேட்டுத்தான். அந்தப் போராட்டம் உட்காரும் உரிமை கேட்பதாக வளர்ந்தது, 2018-ல் கேரளாவில் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். தேவைப்பட்டபோது போய்வர ஐந்து நிமிடம் தருவதும் அதே மாதிரி அடிப்படை உரிமைதான். கடை நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் நாளைக்கே மாற்றக்கூடியது இது.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? பார்லி, இளநீர், வாழைத்தண்டு எல்லாம் உதவுமா?

அடிக்கடி தொற்று வந்துகொண்டிருந்த, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகவே குடித்துவந்த 140 பெண்களை வைத்து ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. பாதிப் பேரை, வழக்கமாகக் குடிப்பதோடு கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறைதான் தொற்று வந்தது. வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 முறை. கிட்டத்தட்ட பாதி. மாத்திரை இல்லாமல் இவ்வளவு பலன் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

லிட்டர் கணக்கு பார்க்கச் சிரமமாக இருந்தால் நிறத்தைப் பாருங்கள்: வெளிர் மஞ்சளாகப் போனால் போதும். பார்லித் தண்ணீரும் மோரும் வாழைத்தண்டுச் சாறும் உள்ளே நீரைச் சேர்க்கும் வரை நல்லதுதான், ஆனால் கிருமியைக் கொல்லும் என்று நம்பி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. இதய நோய், சிறுநீரக நோய் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் இந்தப் பதில் உங்களுக்குப் பொருந்தாது. சிறுநீரக நோயாளிகள் இளநீரையும் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

மெடிக்கலில் ஒரு சிரப் தருகிறார்கள், குடித்தால் எரிச்சல் குறைகிறது. அது போதாதா?

அது டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் சிரப்பாக இருக்கும். சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும், அதனால் எரிச்சல் அடங்கும். கிருமி அப்படியே இருக்கும். சோடியம் இருப்பதால் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். இன்னொன்று: சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபுரான்டாயின் மருந்து புளிப்பான சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். அதைச் சாப்பிடும்போது இந்தச் சிரப்பையும் குடித்தால் மருந்தின் வேகம் குறையும். எதெல்லாம் குடிக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

போன தடவை எழுதிக் கொடுத்த மாத்திரை மிச்சம் இருக்கிறது. அதையே போடலாமா?

வேண்டாம். நார்ஃபிளாக்சசின், சிப்ரோஃபிளாக்சசின் போன்ற கிருமியைக் கொல்லும் மாத்திரைகளை நாம் வருடக்கணக்கில் வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் இஷ்டத்துக்குப் போட்டிருக்கிறோம். அதன் விளைவாக இந்தியாவில் ஈ.கோலை கிருமிகளில் பெரும்பகுதி இந்த வகை மருந்துக்கு இப்போது அடங்குவதில்லை. மிச்சம் இருக்கும் நாலு மாத்திரை எரிச்சலை இரண்டு நாள் மறைத்துவிட்டு, பிழைத்த கிருமியை விட்டுவைக்கும். அதைவிட, பாதி மருந்துக்குப் பிறகு கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தால் கிருமி வளராமல் போய், எந்த மருந்து கேட்கும் என்பதே தெரியாமல் போய்விடும்.

சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டாயின் ஐந்து நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் ஒரே ஒரு பாக்கெட் என்று இன்று பல டாக்டர்கள் எழுதுகிறார்கள். யாருக்கு எது என்பது வயது, சிறுநீரகம், கர்ப்பம் எல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. நைட்ரோஃபுரான்டாயின் சாப்பிட்டால் சிறுநீர் பழுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

யூரின் டெஸ்டுக்கு எப்படிக் கொடுப்பது? லேபில் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இந்த ஒரு விஷயத்தைச் சொல்லித்தராததால் எத்தனையோ ரிப்போர்ட் வீணாகிறது. சாதாரணப் பரிசோதனைக்கு ஒரு டப்பா, கல்ச்சருக்குக் கிருமி நீக்கி மூடிய தனி டப்பா. மருந்து தொடங்குவதற்கு முன் கொடுக்க வேண்டும்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறப்புறுப்பை வெறும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். டப்பாவின் மூடியைத் திறந்து மல்லாக்க வைத்துக்கொள்ளுங்கள், உட்புறத்தை விரலால் தொடாதீர்கள். ஒரு கையால் இதழ்களை விலக்கிப் பிடித்தபடியே முதலில் வரும் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிடுங்கள். நடுவில் வருவதை, நிறுத்தாமல், டப்பாவில் பிடியுங்கள். பாதி டப்பா போதும். மீதியைக் கழிப்பறையில் விடலாம். உடனே மூடி, பெயர் எழுதி, இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் பிடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெயிலில் மூன்று பஸ் மாறிப் போனால் வழியிலேயே கிருமி பல மடங்காகிவிடும். தாமதமாகும் என்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மாதவிடாய் நாளாக இருந்தால் லேபில் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் "பஸ் செல்ஸ் 8-10" என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பஸ் செல்ஸ் என்றால் சிறுநீரில் தெரியும் சீழ் செல்கள். அந்த ஒரு வரியை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. 5 வரை இருந்தால் சாதாரணம் என்பார்கள். அதற்குமேல் இருந்து, கூடவே எரிச்சலும் இருந்தால் தொற்றாக இருக்கலாம். அதே ரிப்போர்ட்டில் எபிதீலியல் செல்களும் (மேல்தோல் செல்கள்) நிறைய இருந்தால், வெள்ளைப்படுதல் கலந்த சாம்பிளாக இருக்க வாய்ப்பு அதிகம். மறுபடி சரியாகப் பிடித்துக் கொடுப்பது நல்லது. கல்ச்சரில் ஒரு மில்லிக்கு 1 லட்சத்துக்கு மேல் ஒரே வகைக் கிருமி வளர்ந்தால் அதைப் பொதுவாகத் தொற்று என்று எடுத்துக்கொள்வார்கள். தொந்தரவு இருந்தால் குறைந்த எண்ணிக்கையும் கணக்கில் வரும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

எந்தத் தொந்தரவும் இல்லாமல் கிருமி மட்டும் தெரிந்தால், முக்கியமாக வயதானவர்களுக்கு, பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சை செய்யப்போகிறவர்களும் இதற்கு விதிவிலக்கு.

சரி, எதை வைத்துக் கழுவுவது? சோப்பா, வெஜைனல் வாஷா, டெட்டாலா?

வெளிப்பகுதிக்குத் தண்ணீர் போதும். யோனியின் உள்ளே எதுவுமே வேண்டாம்.

உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா வாழ்கிறது. அது லாக்டிக் அமிலம் சுரந்து, அங்குள்ள பி.ஹெச். அளவை (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.8-லிருந்து 4.5-க்குள் வைத்திருக்கிறது. கெட்ட கிருமிகள் அந்தப் புளிப்பில் வளர முடியாது. நாம் குளிக்கும் சாதாரண சோப்பின் பி.ஹெச். 9, 10 என்று இருக்கும். தினம் அதைப் போட்டு உள்ளே கழுவினால் காவலுக்கு இருப்பதைத்தான் முதலில் விரட்டுகிறோம். அப்புறம் வாடை வருகிறது, அரிக்கிறது. அதற்காக இன்னும் அதிகமாகக் கழுவுகிறார்கள். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு கஷ்டப்படும் பெண்கள் நிறைய.

பிரசவத்துக்குப் பிறகு டெட்டால் கலந்த வெந்நீரில் கழுவச் சொல்வது பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. மென்மையான தோல் வெந்துபோய்ப் புண்ணாகலாம்; தையல் போட்ட இடத்துக்கு ஆஸ்பத்திரியில் சொன்னதை மட்டும் செய்யுங்கள். விளம்பரத்தில் வரும் வெஜைனல் வாஷ் யாருக்கும் அவசியமில்லை. வெளியே போட்டு ஒத்துக்கொண்டால் சரி, எரிந்தால் நிறுத்திவிடுங்கள். சென்ட் வாசனையுள்ள எதுவும் வேண்டாம். டால்கம் பவுடரும் அங்கே வேண்டாம். 2024-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் டால்க்கை, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருட்களின் வரிசையில் சேர்த்துவிட்டது.

மலம் கழித்த பின் கையை முதுகுப்பக்கமாகக் கொண்டுபோய்க் கழுவுங்கள். தண்ணீர் முன்னாலிருந்து பின்னால் ஓட வேண்டும். ஹெல்த் ஃபாசெட்டை (கழிப்பறையில் கையால் அழுத்தித் தண்ணீர் பீய்ச்சும் குழாய்) பின்னாலிருந்து முன்னோக்கி வேகமாக அடித்தால் அழுக்குத் தண்ணீர் முன்பக்கம் வந்து சேரும். கழுவிய பிறகு துடைத்துவிட்டு உள்ளாடை போடுங்கள். பருத்தி நல்லது, வியர்வையில் நனைந்தால் மாற்றிவிடுங்கள். முடியை மழிக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை, கத்தரித்தாலே போதும். பிளேடு போட்டால் சின்னச் சின்னக் கீறல் விழுந்து அங்கே கொப்புளம் வரும்.

வெள்ளைப்படுதல் எப்போது சாதாரணம், எப்போது நோய்?

நிறமில்லாமலோ பால் மாதிரியோ, வாடையில்லாமல், அரிப்பில்லாமல் வந்தால் இயல்பு. மாதவிடாய்க்கு நடுவே முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாக வருவதும் இயல்பு. அதனால் உடம்பு உருகுகிறது, எலும்பு தேய்கிறது என்பதெல்லாம் உண்மை இல்லை. தயிர்த் திப்பியாக வந்து கடுமையாக அரித்தால் பூஞ்சைத் தொற்று. சாம்பல் நிறத்தில் தண்ணியாக வந்து மீன்வாடை அடித்தால் பாக்டீரியா சமநிலை கெட்டிருக்கிறது. மஞ்சள், பச்சை நிறத்தில் நுரையாக வந்தால் பால்வினைத் தொற்றாக இருக்கலாம். அப்போது கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை தேவை. அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே இதற்கெல்லாம் மருந்து இலவசம், உங்கள் விவரம் வெளியே போகாது.

இந்தத் தொற்றுகளிலும் சிறுநீர் பட்டால் எரியும். அது வெளியே, தோலில் எரிகிறது. சிறுநீர்ப்பைத் தொற்றில் உள்ளே கடுக்கும். இந்த வித்தியாசத்தை டாக்டரிடம் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சர்க்கரைக்கு மாத்திரை மாற்றியதிலிருந்து அங்கே அரிப்பு. சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. பூஞ்சைக்கு அது தீனி. பெண்களுக்கும் ஆண்களுக்கும் அரிப்பு, சிவப்பு, வெடிப்பு வரலாம். 2020-க்குப் பிறகு டாபாகிளிஃப்ளோசின் இங்கே விலை குறைந்துவிட்டதால் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள்; ஆனால் இந்தப் பக்கவிளைவைச் சொல்லித்தருபவர்கள் குறைவு. சிறுநீர் போனதும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்து அது, நீங்களாக நிறுத்த வேண்டாம். அந்த இடத்தில் வீக்கம், கடும் வலி, காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் மட்டும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரிப்போடு வருபவர்கள் இதுவரை சர்க்கரை பார்த்ததே இல்லை என்றால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கல்யாணமான புதிதில் அடிக்கடி வருகிறது. வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட எதுவும் இல்லை. உறவின்போது கிருமி குழாய்க்குள் தள்ளப்படுகிறது, அவ்வளவுதான். கூடவே புது வீடு, எல்லாரும் இருக்கும் கூடத்தைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போகத் தயக்கம், அதனால் அடக்குவது. உறவு முடிந்ததும் ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். உடனே எழுந்து உள்ளே கழுவத் தேவையில்லை. ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது வருடத்தில் மூன்று முறை வந்தால் தடுப்பு மருந்து பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான் இது.

மாதவிடாய் நாட்களில்?

நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றுங்கள், போக்கு குறைவாக இருந்தாலும் சரி. துணி என்றால் துவைத்து வெயிலில் காயவையுங்கள். மற்ற துணிக்கு அடியில் மறைத்து ஈரமாகக் காயப்போடுவதுதான் பிரச்சினை. மாதவிடாய் கப் என்றால் 12 மணி நேரம் வரை, ஒவ்வொரு மாதமும் கொதிக்க வைத்து எடுத்து. அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் இலவசமாகக் கிடைக்கிறது; ஆனால் மாற்றுவதற்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் தண்ணீரும் பள்ளியில் இருக்கிறதா என்று பெற்றோர் கேட்டே ஆக வேண்டும்.

கர்ப்பமாக இருக்கிறேன். எனக்கு எரிச்சல் இல்லை. பரிசோதனை தேவையா?

தேவை. கர்ப்பத்தில் சத்தமில்லாமல் கிருமி இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகம் வரை ஏறிக் குறைப்பிரசவம்கூட ஆகலாம். மாதாமாதம் சிறுநீரில் பார்ப்பது ஆல்புமின் என்ற புரதமும் சர்க்கரையும்தான், கல்ச்சர் அதில் சேராது. முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை எடுத்தார்களா என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு 62 வயது. மாதவிடாய் நின்று பல வருடம் ஆகியும் அடிக்கடி தொற்று.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து அந்தப் பகுதி வறண்டு, நல்ல பாக்டீரியாவும் குறைந்திருக்கும். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் பலருக்கும் நல்ல பலன் தருகிறது. "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு" என்று அம்மா மறுத்தால், தொற்றைத் தடுக்கத்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும்?

ஆண்களுக்கு இது அரிது. அதனாலேயே வந்தால் காரணத்தைத் தேட வேண்டும்: ப்ராஸ்டேட், கல், சர்க்கரை, பால்வினை நோய். ஐம்பது தாண்டியவர்களுக்குச் சிறுநீர் முக்கி முக்கிச் சொட்டாகப் போனால் வயதுக்கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. சின்னப் பையன்களுக்கு முன்தோலை பலவந்தமாகப் பின்னுக்கு இழுத்துக் கழுவ வேண்டாம்; அது வளர வளரத் தானாகவே விலகும். குழந்தைகளுக்கு மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், சிறுநீர்த் தொற்றும் குறையும். காரணம் தெரியாத காய்ச்சல் வரும் கைக்குழந்தைக்குச் சிறுநீரும் பார்க்க வேண்டும். எரிகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

எப்போது உடனே போக வேண்டும், யாரிடம்?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி: தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே போங்கள். சிறுநீர் முற்றிலும் நின்றுபோனாலும், வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினாலும், கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ காய்ச்சல் வந்தாலும் அப்படியே. மற்றபடி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குடும்ப டாக்டரிடமோ தொடங்கலாம். திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரியல் நிபுணரிடம் அனுப்புவார்கள். பெண் டாக்டர்தான் வேண்டும் என்று கேட்கலாம், தயங்க வேண்டாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்; தமிழ்நாட்டில் எந்த நேரமும் எடுப்பார்கள். போகும்போது பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகளையும், இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப்போங்கள்.